இது எந்த ‘கே’? முதல் ஆய்வேடு எழுதுபவர்களுக்கு ஒரு குறியீட்டு வழிகாட்டி

என் ஆய்வேட்டின் 14ஆம் சமன்பாட்டுக்குப் பக்கத்தில் தேர்வாளர் பென்சிலால் மூன்றே சொல் எழுதியிருந்தார்: “இது எந்த கே?”

கேள்வி நியாயமானதுதான். இரண்டாம் அத்தியாயத்தில் ‘கே’ என்றால் வெப்பக் கடத்துதிறன். நான்காம் அத்தியாயத்தில் அதுவே வினைவேக மாறிலி. ஐந்தாவதில் கூட்டல் தொடரின் எண்ணி. ஒவ்வொரு அத்தியாயத்தையும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவரை எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. நான்காம் அத்தியாயத்தின் நடுவில் முதல் இரண்டும் ஒரே சமன்பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டன. அப்போதும் நான் கவனிக்கவில்லை. தேர்வாளருக்குப் பதில் சொல்ல என் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது.

அதைச் சரிசெய்ய மூன்று வாரம் போனது. ஆரம்பத்திலேயே செய்திருந்தால் ஒரு மாலைப்பொழுது போதும். அந்த மூன்று வாரம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். முதல் ஆய்வேடோ, முதல் ஆய்வுக் கட்டுரையோ, ஆய்வக அறிக்கையோ எழுதப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு.

ஒரு சின்ன விஷயம்: எழுத்துக் குறியீடுகளை இங்கே பெயர் சொல்லியே குறிப்பிடுகிறேன். ‘சின்ன கே’, ‘பெரிய கே’ என்று வந்தால் அந்த வேறுபாடு முக்கியம் என்று பொருள்.

1. எழுதத் தொடங்கும் முன் குறியீட்டுத் தாள் ஒன்றைத் திறங்கள்

உங்களுக்கு வேண்டிய முதல் ஆவணம் இதுதான். விரிதாளாக இருக்கலாம், வெறும் காகிதமாகவும் இருக்கலாம். ஐந்து பத்திகள் போடுங்கள்: குறியீடு, பொருள், அலகு, முதலில் வரும் இடம், எங்கிருந்து எடுத்தது.

கடைசிப் பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், நானும் விட்டேன். ஆனால் குழப்பம் நுழையும் வாசல் அதுதான். நாம் யாரும் வேண்டுமென்று ஒரே எழுத்துக்கு மூன்று பொருள் கொடுப்பதில்லை. ஒரு கட்டுரையிலிருந்து ஒரு சமன்பாடு, ஒரு பாடநூலிலிருந்து இன்னொன்று என்று எடுக்கிறோம். ஒவ்வொன்றும் அதனதன் வீட்டு எழுத்துகளோடு வந்து சேர்கிறது. ஆகவே ஒரே ஒரு கட்டுப்பாடு வையுங்கள்: வெளியிலிருந்து எடுக்கும் எந்தச் சமன்பாடும் உங்கள் எழுத்துகளுக்கு மாற்றப்பட்ட பிறகுதான் வரைவுக்குள் வர வேண்டும். “இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்று நினைத்தால் அந்த அப்புறம் வரவே வராது.

ஆகும் நேரம்: முதல் வரைவுக்கு இரண்டு மணி நேரம். அதற்குப் பின் புதிய குறியீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம்.

2. யாருடைய விதி உங்களைக் கட்டுப்படுத்தும் என்று பாருங்கள்

இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், நீங்கள் அனுப்பப்போகும் ஆய்விதழின் அல்லது பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புக் குறிப்பு. அது சொல்லாத இடத்தில் உங்கள் துறையின் பழக்கம். அதுவும் தெளிவாக இல்லாத இடத்தில் சர்வதேசத் தரநிலை.

தரநிலையைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. உங்கள் வாசகர் பத்து வருடமாக ஒரு எழுத்தை ஒரு பொருளில் படித்துப் பழகியவர். தரநிலை வேறொன்றைச் சொல்கிறது என்பதற்காக நீங்கள் மட்டும் மாற்றி எழுதினால், சரியாக எழுதியும் புரியவைக்க முடியாமல் போகும். அலகுகள் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அங்கே தரநிலைதான் முதலில்.

கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள் அதிகமில்லை. சர்வதேச எடைகள் மற்றும் அளவைகள் பணியகம் வெளியிடும் எஸ்.ஐ. (சர்வதேச அலகு முறை) கையேட்டின் ஒன்பதாம் பதிப்பு 2019இல் வந்தது. பணியகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்கத் தேவையில்லை, அலகுகளையும் எண்களையும் எழுதும் முறை பற்றிய ஐந்தாம் அத்தியாயம் போதும். ஒரு மணி நேர வேலை. அமெரிக்காவின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட எஸ்.ஐ. வழிகாட்டியும் இலவசம். அதில் தப்பும் சரியும் பக்கத்தில் பக்கத்தில் எடுத்துக்காட்டுகளாக இருப்பதால் எனக்கு அதுதான் அதிகம் உதவியது. வேதியியல்காரர்களுக்கு அவர்களின் சர்வதேச அமைப்பான ஐயூபேக்கின் ‘பச்சை நூல்’ உண்டு, மூன்றாம் பதிப்பு 2007இல் வந்தது.

ஐ.எஸ்.ஓ. 80000 என்ற தொடரின் இரண்டாம் பகுதி கணிதக் குறியீடுகளுக்கானது. இது மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டியது, அதுவும் பகுதி பகுதியாக. சொந்தமாக வாங்காதீர்கள். நூலகத்தில் சந்தா இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றாலும் பெரிய இழப்பில்லை, முதல் ஆய்வேட்டுக்கு மேலே சொன்ன இலவச ஆவணங்களே போதும்.

3. மோதல்களைத் தீருங்கள்

தாளில் குறியீடுகளை அகர வரிசையில் அடுக்கினால் மோதல்கள் தானாகத் தெரியும். ‘கே’ ஒரு பேர்போன குற்றவாளி. போல்ட்ஸ்மன் மாறிலி, அலையெண், சுருள்வில் மாறிலி, வினைவேக மாறிலி, வெப்பக் கடத்துதிறன், எண்ணி எல்லாம் அதன் கணக்கில் இருக்கின்றன. போதாததற்குச் சின்ன கே ‘கிலோ’ என்ற முன்னொட்டு, பெரிய கே கெல்வின். சிக்மாவும் இதே கதைதான்: திட்ட விலக்கம், தகைவு, மின்கடத்து எண், ஸ்டெஃபான்–போல்ட்ஸ்மன் மாறிலி.

நான் செய்த முதல் திருத்தம் வெப்பக் கடத்துதிறனை லாம்டாவாக மாற்றியது. தரநிலையும் லாம்டாவைத்தான் முதலில் சொல்கிறது. மாற்றி முடித்த நாள் இரவு, மூன்றாம் அத்தியாயத்தில் ஐகன் மதிப்புகள் எல்லாம் லாம்டா என்பது நினைவுக்கு வந்தது. மறுபடியும் கப்பாவுக்கு மாற்றினேன். ஒரு எழுத்தை மாற்றும் முன், போகப்போகும் இடம் காலியாக இருக்கிறதா என்று தாளைப் பாருங்கள். வீடு மாறுகிறவர் செய்வதைத்தான் நாமும் செய்ய வேண்டும்.

எதை மாற்றுவது, எதை விடுவது? இப்படி முடிவெடுங்கள்:

உலகம் முழுக்க ஒரே பொருளில் இருப்பதைத் தொடாதீர்கள். ஒளியின் வேகம், பிளாங்க் மாறிலி, பை போன்றவை அப்படியே இருக்கட்டும். உங்கள் ஆய்வின் மையத்தில் இருக்கும் இரண்டு மூன்று அளவுகளுக்கு ஒற்றை எழுத்து கொடுங்கள், கீழ்க்குறி (எழுத்தின் காலடியில் ஒட்டும் சிறு குறி) வேண்டாம். எண்ணிகளும் தற்காலிக மாறிகளும்தான் முதலில் இடம் மாற வேண்டியவை. அவற்றுக்கு யாரும் பழகியிருப்பதில்லை. அதன் பிறகும் மோதல் இருந்தால் கீழ்க்குறி போடுங்கள்.

கீழ்க்குறியிலும் ஒரு ஒழுங்கு உண்டு. அது இன்னொரு மாறியின் பெயராகவோ எண்ணியாகவோ இருந்தால் சாய்வெழுத்து. ‘உச்சம்’, ‘நீர்’ போன்ற சொல்லின் சுருக்கமாக இருந்தால் நேரெழுத்து. இதைத் தெரிந்துகொள்ளும்வரை என் சமன்பாடுகளில் ‘அதிகபட்சம்’ என்பதற்கான ‘மேக்ஸ்’ கீழ்க்குறி எம், ஏ, எக்ஸ் என்ற மூன்று மாறிகளின் பெருக்கல் போலத் தெரிந்துகொண்டிருந்தது.

புதியவர்களின் இன்னொரு பழக்கம், கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயர் வைப்பது. ஒரே ஒரு முறை வரும் அளவுக்குக் குறியீடு தேவையில்லை, சொல்லால் எழுதுங்கள். என் தாளில் முதலில் 93 குறியீடுகள் இருந்தன. ஒரு முறை மட்டும் வந்தவற்றை நீக்கியதும் 61 ஆனது. பாதி மோதல்கள் அப்போதே மறைந்துவிட்டன.

4. அலகுகள்: இங்கே விட்டுக்கொடுப்பதற்கு ஒன்றுமில்லை

மாறிகளின் பெயரில் உங்களுக்குச் சுதந்திரம் உண்டு. அலகுகளில் கிடையாது. விதிகள் குறைவு, தெளிவு. ஆனாலும் பெரும்பாலான திருத்தங்கள் இங்கேதான் வருகின்றன.

மாறி சாய்வெழுத்தில், அலகு நேரெழுத்தில். சாய்ந்த எம் நிறை என்றால், நிமிர்ந்த எம் மீட்டர். இந்த ஒரு வேறுபாட்டைக் காப்பாற்றினாலே பாதி வேலை முடிந்தது.

எண்ணுக்கும் அலகுக்கும் நடுவில் இடைவெளி விடுங்கள். செல்சியஸுக்கும் உண்டு, சதவீதக் குறிக்கும் உண்டு என்கிறது எஸ்.ஐ. கையேடு. கோணத்தின் பாகை, கலை, விகலைக் குறிகள் மட்டும் எண்ணோடு ஒட்டி வரும். சதவீத இடைவெளியைப் பல ஆய்விதழ்கள் நீக்கிவிடும், அதற்காகச் சண்டை போடாதீர்கள்.

பெரிய எழுத்து, சின்ன எழுத்து விளையாட்டல்ல. பாஸ்கலுக்கு முன் சின்ன எம் வந்தால் மில்லி, பெரிய எம் வந்தால் மெகா. இரண்டுக்கும் இடையே 100 கோடி மடங்கு. சின்ன எஸ் வினாடி, பெரிய எஸ் சீமென்ஸ். கெல்வினுக்கு முன்னால் பாகைக் குறி போடும் வழக்கம் 1967இலேயே முடிந்துவிட்டது, இன்னும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

அலகின் குறியீடு சுருக்கெழுத்து அல்ல. அதன் பின்னால் புள்ளி கிடையாது, பன்மை விகுதி கிடையாது. கிராமுக்கு ஜி மட்டும்தான், ‘ஜி.எம்.’ இல்லை. வினாடிக்கு எஸ் மட்டும்தான், ‘செக்’ இல்லை. அலகின் மேல் கீழ்க்குறியும் ஒட்டக் கூடாது. ‘அதிகபட்சம்’ என்பது மின்னழுத்தத்தின் பண்பு, வோல்ட்டின் பண்பு அல்ல.

இரண்டு அலகுகளைப் பெருக்கும்போது நடுவில் இடைவெளியோ உயர்ந்த புள்ளியோ கட்டாயம். சின்ன எம்மும் சின்ன எஸ்ஸும் ஒட்டியிருந்தால் மில்லிவினாடி, விலகியிருந்தால் மீட்டர் வினாடி.

அடுக்கு, முன்னொட்டையும் சேர்த்துத்தான் பாதிக்கும். ஒரு கன சென்டிமீட்டர் என்பது சென்டிமீட்டரின் கனம், அதாவது 10⁻⁶ கன மீட்டர். ‘சென்டி’ என்றால் நூறில் ஒன்றுதானே என்று 10⁻² போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு முறை போட்டிருக்கிறேன்.

20 × 30 மீட்டர் என்று எழுதாதீர்கள். 20 மீட்டர் × 30 மீட்டர் என்று எழுதுங்கள். முதலாவது 600 மீட்டர் என்ற நீளமாகவும் படிக்கப்படும்.

பிறகு தசமப் பிரிவு. 1,234 என்பது ஆயிரத்துச் சொச்சமா, ஒன்றேகால் அளவா? நாட்டைப் பொறுத்து இரண்டும்தான். புள்ளி, காற்புள்ளி இரண்டையுமே தசமக் குறியாக ஏற்கலாம் என்று 2003இல் எடைகள் மற்றும் அளவைகள் பொது மாநாடு தீர்மானித்தது. ஆனால் இலக்கங்களைப் பிரித்துக் காட்ட இரண்டையுமே பயன்படுத்தக் கூடாது, மூன்று மூன்றாகச் சிறு இடைவெளி விட்டு எழுத வேண்டும்: 1 234 567. ஒன்றைவிடச் சிறிய எண்ணில் முன்னால் பூஜ்யம் போடுங்கள். 0.25 என்று எழுதினால் புள்ளி மங்கினாலும் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று தெரியும். வெறும் .25 மங்கினால் 25 ஆகிவிடும்.

5. ஊருக்கு ஊர் மாறும் மரபுகளை வாய்விட்டுச் சொல்லுங்கள்

இதுதான் ஆபத்தான பகுதி. மேலே சொன்ன தவறுகள் கண்ணுக்குத் தெரியும். இங்கே எதுவும் தவறாகத் தெரியாது. நீங்கள் எழுதியதும் சரி, வாசகர் படித்ததும் சரி, விடை மட்டும் வேறு.

மடக்கையில் தொடங்குவோம். அடிமானம் சொல்லாமல் ‘லாக்’ என்று எழுதினால் கணிதக்காரர் இயல் மடக்கை என்று எடுத்துக்கொள்வார், பொறியாளர் பத்து என்பார், கணினியாளர் இரண்டு என்பார். அடிமானத்தை எழுதிவிடுங்கள், ஒரு எண்தானே.

சைனின் தலையில் 2 போட்டால் சைனின் வர்க்கம். அதே இடத்தில் −1 போட்டால் தலைகீழ் விகிதம் இல்லை, நேர்மாறுச் சார்பு. இது எப்படி நிலைத்தது என்று கேட்காதீர்கள், நிலைத்துவிட்டது. நேர்மாறுக்கு ‘ஆர்க் சைன்’ என்று எழுதினால் தொல்லை தீர்ந்தது.

பூஜ்யம் இயல் எண்ணா? ஐ.எஸ்.ஓ. தரநிலை ஆம் என்கிறது. எண் கோட்பாட்டு நூல்களில் பல இல்லை என்கின்றன. ‘மிகை முழு எண்கள்’, ‘குறையற்ற முழு எண்கள்’ என்று சொல்லால் எழுதினால் இரு தரப்புக்கும் வேலை இல்லை. உட்கணக் குறியும் இப்படித்தான். கீழே கோடு இல்லாத குறி சிலருக்கு உட்கணம், சிலருக்குத் தகு உட்கணம்.

கோள ஆயங்களில் தீட்டாவும் ஃபையும் இடம் மாறிக்கொள்ளும். இயற்பியல் நூல்களிலும் தரநிலையிலும் தீட்டா செங்குத்து அச்சிலிருந்து அளக்கப்படும் கோணம். நுண்கணிதப் பாடநூல்கள் பலவற்றில் அதுவே கிடைத்தளத்தில் சுற்றும் கோணம். ஒரு நூலிலிருந்து வாய்பாட்டையும் இன்னொன்றிலிருந்து படத்தையும் எடுத்தால் கதை முடிந்தது. அப்படி எடுத்த ஒருவருக்கு ஐந்து நாள் போனது. அந்த ஒருவர் யாரென்று சொல்ல வேண்டுமா?

ஃபூரியே மாற்றத்தில் 2பை எங்கே இருக்கும் என்பதற்குக் குறைந்தது மூன்று மரபுகள் உண்டு: அடுக்கின் உள்ளே, திரும்பும் மாற்றத்தின் முன்னால் மொத்தமாக, அல்லது இரண்டு பக்கமும் வர்க்கமூலமாகப் பங்கு போட்டு. அடுக்கில் இருக்கும் கழித்தல் குறியும் மாறும். வாய்பாட்டு அட்டவணை ஒன்றை நம்பும் முன், அதன் முதல் பக்கத்தில் அவர்களின் வரையறையைத் தேடுங்கள்.

வெப்ப இயக்கவியலில் வேலையின் குறி. சிலருக்கு அமைப்பு செய்யும் வேலை மிகை, சிலருக்கு அமைப்பின் மேல் செய்யப்படும் வேலை மிகை. ஆகவே முதல் விதியே சில நூல்களில் கழித்தலோடும் சில நூல்களில் கூட்டலோடும் இருக்கும். ஐயூபேக் கூட்டல் பக்கம். கலப்பெண் வெளிகளில் உள்பெருக்கம் முதல் உறுப்பில் நேரியலா, இரண்டாவதிலா என்பதிலும் கணிதமும் இயற்பியலும் எதிரெதிர். மின்பொறியியலில் கற்பனை அலகு ‘ஐ’ இல்லை, ‘ஜே’. ஐ அங்கே மின்னோட்டத்துக்குப் போய்விட்டது. சார்பியல் எழுதுகிறவர்களுக்கு மெட்ரிக்கின் குறிகள் வேறு இருக்கின்றன, அவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சாய்கோட்டு வகுத்தலைச் சொல்லாமல் விடக் கூடாது. 1/2எக்ஸ் என்பது அரை எக்ஸா, இரண்டு எக்ஸில் ஒன்றா? 6 ÷ 2(1 + 2) என்பதை இரண்டு கணிப்பான்களில் தட்டினால் ஒன்று 9 சொல்லலாம், இன்னொன்று 1 சொல்லலாம். யார் சரி என்று வாதாடுவது வீண். தரநிலையின் யோசனை எளிமையானது: சாய்கோட்டுக்குப் பின் அதே வரியில் பெருக்கலோ வகுத்தலோ வந்தால் அடைப்புக்குறி போடு. போடுங்கள்.

சரி, இத்தனையையும் எங்கே சொல்வது? முதல் அத்தியாயத்தின் முடிவில் ‘குறியீட்டு மரபுகள்’ என்று அரைப் பக்கம். “இந்த ஆய்வேட்டில் மடக்கை இயல் மடக்கை. அமைப்பின் மேல் செய்யப்படும் வேலை மிகை. தீட்டா செங்குத்து அச்சிலிருந்து அளக்கப்படுகிறது.” இப்படி எட்டுப் பத்து வாக்கியம். எழுத அரை மணி நேரம்கூட ஆகாது. நான் மறுபடி சமர்ப்பித்தபோது தேர்வாளர் முதலில் திருப்பிய பக்கம் அதுதான்.

6. எழுத்தைக் கையால் தட்டாதீர்கள், பெயர் கொடுங்கள்

கட்டளைகளால் ஆவணத்தை வடிவமைக்கும் லேடெக்ஸ் மென்பொருளில் எழுதுகிறீர்கள் என்றால், ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு சொந்தக் கட்டளை உருவாக்குங்கள். வெப்பக் கடத்துதிறன் வரும் இடமெல்லாம் ‘கப்பா’ என்று தட்டாமல், ‘கடத்துதிறன்’ என்ற பொருள்படும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். நாளை எழுத்து மாறினால் ஒரே வரியை மாற்றினால் போதும், 140 பக்கமும் மாறிவிடும். நான் லாம்டாவிலிருந்து கப்பாவுக்குப் போனபோது தேடி மாற்றும் வசதியை நம்பினேன். அது ஐகன் மதிப்புகளையும் சேர்த்து மாற்றிவைத்தது.

அலகுகளுக்கு ‘எஸ்.ஐ.யூனிட்எக்ஸ்’ என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறது. இடைவெளி, நேரெழுத்து, இலக்கப் பிரிப்பு எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். கற்றுக்கொள்ள ஒரு மணி நேரம். சைன், மடக்கை போன்ற சார்புப் பெயர்களை வெறும் எழுத்துகளாகத் தட்டாதீர்கள், சாய்ந்து போய் எஸ், ஐ, என் என்ற மூன்று மாறிகளின் பெருக்கலாகத் தெரியும். அவற்றுக்கென்று இருக்கும் கட்டளைகளைப் பயன்படுத்துங்கள்.

வேர்டில் எழுதுகிறவர்கள் சமன்பாட்டுப் பெட்டியை உரைக்குள்ளும் பயன்படுத்துங்கள். சமன்பாட்டில் சாய்ந்திருக்கும் எக்ஸ் பத்தியில் நிமிர்ந்து நின்றால் அவை இரண்டு வேறு பொருள்கள் போலிருக்கும். கழித்தல் குறியாக ஹைஃபனைப் போடாதீர்கள், அது குட்டையானது, வரி முடிவில் எண்ணை விட்டுப் பிரிந்து நின்றுவிடும். பெருக்கல் குறியாக எக்ஸ் எழுத்தைப் போடுவதும் அப்படித்தான்.

7. நிரலுக்கும் தாளுக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்கள்

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்து, கணினியில் விடை மாறினால் இந்த இடங்களை முதலில் பாருங்கள்.

எக்செல்லில் ‘லாக்’ என்றால் அடிமானம் 10. பைத்தான், மேட்லாப் ஆகிய நிரல்மொழிகளில் அதே சொல் இயல் மடக்கை.

எக்செல்லில் −2^2 என்று தட்டினால் 4 வரும். கணிதத்தில் −2² என்பது −4, பைத்தானும் −4 என்றுதான் சொல்லும். எக்செல் முன்னால் இருக்கும் கழித்தலை முதலில் செய்துவிடுகிறது. அடைப்புக்குறி போடாமல் எழுதிய காஸியன் வளைவு மேலே மேலே போய்க்கொண்டிருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம்.

இரண்டு உள்ளீடு கொண்ட ஆர்க் டேன் சார்புக்குப் பைத்தான் முதலில் ஒய், அப்புறம் எக்ஸ் கேட்கும். எக்செல் முதலில் எக்ஸ் கேட்கும்.

திட்ட விலக்கத்தில், தானாக விட்டால் நம்பை அளவீடுகளின் எண்ணிக்கையால் (என்) வகுக்கும், பாண்டாஸ் அதில் ஒன்றைக் குறைத்து (என் − 1) வகுக்கும். இரண்டும் பைத்தான் தொகுப்புகள்தான், ஒரே நிரலில் பக்கத்துப் பக்கத்து வரியில்கூட இருக்கும். பெரிய மாதிரிகளில் தெரியாது. ஐந்து அளவீடு மட்டும் இருந்தால் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வரும்.

இயல்நிலைப் பரவலைப் பாடநூல்கள் பெரும்பாலும் சராசரி, விலக்க வர்க்கச் சராசரி என்ற இரண்டால் குறிக்கும். நம்பையும் ஆர் மொழியும் இரண்டாவதாகத் திட்ட விலக்கத்தைக் கேட்கும். அடுக்குக்குறிப் பரவலில் ஆர் வீதத்தைக் கேட்கும், நம்பை அதன் தலைகீழியைக் கேட்கும்.

மேட்லாபில் அணிக்குப் பின் மேற்கோள் குறி போட்டால் நிரை நிரல் மாற்றம் மட்டுமல்ல, கலப்பெண்களின் இணையும் எடுக்கப்படும். மெய்யெண்களோடு வேலை செய்யும்வரை தெரியவே தெரியாது. மேட்லாபும் ஆரும் ஒன்றிலிருந்து எண்ணும், பைத்தான் பூஜ்யத்திலிருந்து. உங்கள் ஆய்வேட்டில் எண்ணி எங்கே தொடங்குகிறது என்பதை மரபுகள் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள்.

நிரலின் மாறிப் பெயர்களையும் குறியீட்டுத் தாளில் ஆறாவது பத்தியாகப் போட்டுக்கொண்டால் நல்லது. நான் இதைத் தாமதமாகச் செய்தேன், ஆனால் செய்த பிறகு தூக்கம் வந்தது.

8. அட்டவணைத் தலைப்பும் வரைபட அச்சும்

ஒரு அட்டவணையின் தலைப்பில் ‘நீளம் × 10³’ என்றும் கீழே 5 என்றும் இருக்கிறது. நீளம் 5000 மீட்டரா, 0.005 மீட்டரா? தலைப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் நீளத்தை ஆயிரத்தால் பெருக்கினால் 5 வருகிறது, ஆகவே 0.005. ஆனால் ‘கீழே உள்ள எண்ணை ஆயிரத்தால் பெருக்கிக்கொள்’ என்று படிப்பவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். பத்து லட்சம் மடங்கு வித்தியாசம், ஒரே தலைப்பில்.

தீர்வு, அடுக்கைத் தூக்கிவிட்டு முன்னொட்டைப் போடுவது: மில்லிமீட்டர் என்று எழுதினால் சந்தேகமே இல்லை. எஸ்.ஐ. கையேடு ஏற்கும் வடிவம், அளவை அலகால் வகுத்து எழுதுவது: ‘வெப்பநிலை / கெல்வின்’. அளவை அலகால் வகுத்தால் மிஞ்சுவது எண், அட்டவணையில் இருப்பதும் எண். அலகை அடைப்புக்குறிக்குள் போடும் ஆய்விதழ்களும் நிறைய, அதுவும் சரிதான். ஒரே ஆவணத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

பிழைவரம்பு எழுதினால் அது என்னவென்று சொல்லுங்கள். 9.81(2) என்பது 9.81 ± 0.02 என்பதன் சுருக்கம். ஆனால் அந்த 0.02 ஒரு திட்ட விலக்கமா, இரண்டா என்பதை எந்தக் குறியும் சொல்லாது. படக்குறிப்பில் ஒரு வாக்கியம் வேண்டும்.

படங்களைக் கடைசியில் சரிசெய்யலாம் என்று விடாதீர்கள். எழுத்தில் கப்பா ஆகிவிட்ட என் கடத்துதிறன் ஏழு படங்களில் ‘கே’ ஆகவே இருந்தது. இரண்டு படங்களுக்கு மூல நிரலே என்னிடம் இல்லை, தரவிலிருந்து மறுபடி வரைய வேண்டியதாயிற்று.

9. சமர்ப்பிக்கும் முன்: கால அட்டவணை

சமர்ப்பிக்கும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு குறியீட்டுத் தாளை மூடிவிடுங்கள். அதன் பிறகு புதிய எழுத்து கிடையாது.

இரண்டு வாரம் முன்பு, ஆவணத்தை முதலிலிருந்து புரட்டுங்கள். படிக்க வேண்டாம், குறியீடுகளை மட்டும் பாருங்கள். ஒவ்வொன்றும் முதலில் வரும் இடத்திலேயே விளக்கப்பட்டிருக்கிறதா, தாளில் உள்ள அலகோடு ஒத்துப்போகிறதா என்று டிக் போட்டுக்கொண்டே போங்கள். 140 பக்கத்துக்கு ஒன்றரை நாள் ஆகும். ஒவ்வொரு சமன்பாட்டிலும் இரண்டு பக்கத்தின் பரிமாணங்களும் ஒத்துவருகின்றனவா என்பதையும் இதிலேயே சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாரம் முன்பு, உங்கள் ஆய்வைப் பற்றித் தெரியாத, ஆனால் கணிதம் தெரிந்த ஒருவரிடம் ஐந்து சமன்பாடுகளைக் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். “கே” என்று வாசித்துவிட்டு நிறுத்தினால் அங்கே வேலை இருக்கிறது. “கடத்துதிறன்” என்று தயங்காமல் சொன்னால் நகர்ந்துவிடலாம். இதற்கு ஒரு மணி நேரமும், அவருக்குக் கொடுக்க வேண்டிய நன்றியும்தான் செலவு.

ஆய்விதழுக்கு என்றால் இன்னும் ஒரு கட்டம் உண்டு. அச்சுக்கு முந்தைய படி உங்களிடம் வரும், திருத்தக் கொடுக்கும் அவகாசம் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். எழுத்துருக்கள் மாறும்போது குறியீடுகள் இங்கேதான் சேதமாகும். தடித்த வெக்டர்கள் சாதாரண எழுத்தாகும், கழித்தல் ஹைஃபனாகும். மற்ற எதையும் பார்க்கும் முன் ‘மைக்ரோ’ குறிகளைத் தேடிப் பாருங்கள். எழுத்துரு விட்டுப்போனால் அந்த மியூ சில வேளை வெறும் எம்மாக மாறிவிடும், மைக்ரோகிராம் மில்லிகிராம் ஆகிவிடும். என்னுடைய முதல் கட்டுரையில் அப்படி மூன்று இடம் இருந்தது. இரண்டைப் பிடித்தேன்.